மெர்சி சொன்னால் கோப்பை வராது

1

மூன்று பேர் சேர்ந்து என்னை ஒதுக்குகிறார்கள் என்று ஆறு கிழமையாக நம்பிக்கொண்டிருந்தேன். ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் பதறவேண்டாம், இது அழுகைக் கதை இல்லை. கடைசியில் விசர், பைத்தியம் என்ற பட்டம் எனக்குத்தான் வந்து சேர்ந்தது.

சுவிஸ் நாட்டின் டீட்டிகோன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் எனக்கு வேலை. பத்தொன்பது வருடமாக அதே நிலக்கீழ் அறை, அதே சவர்க்கார மணம். வெளியே பனி கொட்டினாலும் உள்ளே எங்களுக்குச் சித்திரை வெயில்தான். நாங்கள் நாலு பேர். பொறுப்பாளர் போர்த்துக்கல்காரி, பெயர் லூர்தஸ். மனதுக்குள் நான் அவளை லூர்தம்மா என்றுதான் கூப்பிடுவேன். மடித்த துணிகளை வண்டியில் மாடிகளுக்குக் கொண்டுபோகிறவர் மனுவேல். ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கடலுக்குள் கிடக்கும் கேப் வெர்டே தீவுகளில் பிறந்தவர், என் வயதுக்காரர். நாலாவது ஆள் ரமோனா. போன மாசி மாதம்தான் வேலைக்குச் சேர்ந்தாள். ஈரப் படுக்கை விரிப்புகளை, உலர்த்தித் தேய்க்கும் உருளை இயந்திரத்துக்குள் ஊட்டும்போது ஒரு முனையை அவள் பிடிப்பாள், மறுமுனையை நான் பிடிப்பேன்.

ரமோனா பராகுவே நாட்டுக்காரி. நான் முதலில் உருகுவே என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். இரண்டு தரம் பொறுத்தாள். மூன்றாம் தரம், "நீ இந்தியாவிலை எந்த ஊர்?" என்று கேட்டாள். யாழ்ப்பாணத்துக்காரி நான் அன்றோடு திருந்திவிட்டேன்.

காலை ஒன்பது மணிக்கு இங்கே எல்லோரும் வேலையை நிறுத்திச் சின்னதாக ஏதும் கொறிப்பார்கள். அந்த நேரத்தில் ரமோனா ஒரு மாட்டுக் கொம்புக் கோப்பையை வெளியே எடுப்பாள். அதற்குள் காய்ந்த இலைத்தூள், அதில் குத்தி நிற்கும் ஒரு உலோகக் குழல், பக்கத்தில் ஐஸ் போட்ட தண்ணீர்ப் போத்தல். தெரெரே என்று பெயர். அவள்தான் வார்ப்பாள், மற்றவர்கள் கை வைக்கக் கூடாது. முதல் வார்க்கிற தண்ணீரை ஒருவரும் குடிப்பதில்லை, இலையே உறிஞ்சிவிடும். "அது தோமையாருக்கு" என்றாள். இந்த இலையின் பயனைச் சொல்லிக் கொடுத்தவர் இயேசுவின் சீடரான அவர்தான் என்று அங்கே ஒரு கதை இருக்கிறதாம். விரத நாளில் காகத்துக்கு வைத்துவிட்டுத்தானே நாங்களும் கை நனைக்கிறோம், அதனால் எனக்கு அது வித்தியாசமாகப் படவில்லை.

அதற்குப் பிறகு நடப்பதுதான் வித்தியாசம். ஒரே கோப்பை, ஒரே குழல். லூர்தஸ் உறிஞ்சித் திருப்பிக் கொடுப்பாள், ரமோனா மறுபடி நிரப்பி மனுவேலிடம் கொடுப்பாள், அவர் உறிஞ்சுவார், பிறகு என் முறை. துடைப்பது கழுவுவது ஒன்றும் இல்லை. நான் செம்பில் வாய் வைக்காமல் அண்ணாந்து குடித்து வளர்ந்தவள். குழலை வைத்துக்கொண்டு எப்படி அண்ணாந்து குடிப்பது? இரண்டு கிழமை வயிற்றில் புண் என்று பொய் சொன்னேன். மூன்றாம் கிழமை ஒரு நாள் வெக்கை தாங்கவில்லை. சரி, நடப்பது நடக்கட்டும் என்று கோப்பையை வாங்கினேன். கசப்புத்தான், ஆனால் நெஞ்சுக்குள் ஒரு குளிர் இறங்கியது. மரியாதையாக "மெர்சி" என்று சொல்லிக் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தேன். சுவிஸ் ஜெர்மன் பேசுகிற இந்தப் பக்கத்திலும் நன்றிக்கு அந்தப் பிரெஞ்சுச் சொல்தான்.

அடுத்த சுற்று வந்தது. லூர்தஸ் குடித்தாள், மனுவேல் குடித்தார், ரமோனா குடித்தாள், மறுபடி லூர்தஸ் குடித்தாள். எனக்கு வரவில்லை. அடுத்த நாளும் அப்படித்தான். எனக்கு ஒரு வாய், அவர்களுக்கு ஐந்து ஆறு. அவர்கள் மூன்று பேரும் ஸ்பானிஷும் போர்த்துக்கீசும் கலந்து ஏதோ கதைத்துச் சிரிப்பார்கள். நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருப்பேன். பரம்பரைக் கூச்சத்தையெல்லாம் விட்டு எச்சில் குடிக்கத் துணிந்தவளுக்கு இதுதான் மரியாதையா என்று உள்ளுக்குள் கொதித்தது.

2

அதே நாட்களில் வீட்டிலும் ஒரு கொதிப்பு. என் மகள் நிரூஜா பாசல் நகரில் ஒரு மருந்து ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள். இருபத்தாறு வயது. தனியாக ஒரு சின்ன வீடு எடுத்திருக்கிறாள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை வருவாள், சாப்பிடுவாள், நாலு மணி ரயிலுக்குப் போவாள். நான் தமிழில் கேட்டால் சுவிஸ் ஜெர்மனில் பதில் வரும். அது பழகிப்போன சங்கதி. பழகாதது ஒன்று இருந்தது. சாப்பிட்ட கோப்பையை, சோற்றுத் தட்டையும் நாங்கள் கோப்பை என்றுதான் சொல்வோம், குசினிக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒவ்வொரு முறையும், "டாங்கே அம்மா, ருசியா இருந்தது" என்பாள். மெர்சி போல டாங்கேயும் இங்கே நன்றிதான். எங்கேயோ படித்த பாடத்தை ஒப்புவிக்கிறமாதிரி எனக்குக் கேட்கும்.

ஊரில் சாப்பாட்டுக்கு நன்றி சொல்லி நான் கேட்டதில்லை. பக்கத்து வீட்டுக் கமலாக்கா ஒரு கிண்ணம் கறி கொண்டுவந்தால், "உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு போல" என்போம். அந்தக் கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கமாட்டோம், அவ்வளவுதான். கலியாண வீட்டில் மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்ட ஆள் "அப்ப போட்டு வாறன்" என்று நடையைக் கட்டுவார். நன்றி என்ற சொல்லை நான் கேட்டதெல்லாம் பள்ளிக்கூட விழாவில்தான். நன்றியுரை என்று ஒலிபெருக்கியில் சொன்னதும் சனம் எழும்பிச் செருப்புத் தேடத் தொடங்கும்.

இந்த நாட்டுக்கு வந்து சோலோதுர்ன் பக்கம் அகதி முகாமில் இருந்தபோது, எங்களுக்கு டொச், அதாவது ஜெர்மன் மொழி, படிப்பித்த பெண் முதல் நாளே சொன்னது இதுதான். எதற்கும் நன்றி சொல்லுங்கள், பஸ் சாரதிக்குச் சொல்லுங்கள், கடைக்காரிக்குச் சொல்லுங்கள், கதவைப் பிடித்திருப்பவருக்குச் சொல்லுங்கள். நாங்களும் சொன்னோம். என் வீட்டுக்காரர் பழக்கதோஷத்தில் ரயில் டிக்கெட் இயந்திரத்துக்கும் ஒருநாள் மெர்சி சொன்னார். வெளியே சொல்வதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் என் குசினிக்குள், நான் பெற்ற பிள்ளை எனக்கு?

பங்குனி மாதத்து ஞாயிறு ஒன்றில் வாயை அடக்க முடியவில்லை. அன்றைக்கு இடுப்பு நோவோடு ஆட்டிறைச்சிக் கறியும் புட்டும் செய்திருந்தேன். நிரூஜா அரைவாசி சாப்பிட்டுவிட்டு வந்து, "டாங்கே அம்மா" என்றாள்.

"ஆருக்கடி டாங்கே?" என்று திரும்பினேன். "நான் என்ன சாப்பாட்டுக் கடையே வச்சிருக்கிறன்? இரு, பில்லும் எழுதித் தாறன்."

அவள் முகம் சிவந்துபோனது. "நான் நல்லதுதானே அம்மா சொன்னனான்" என்றாள். அதைத் தமிழில் சொன்னாள். நான் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. கோட்டை மாட்டிக்கொண்டு இரண்டு மணி ரயிலுக்கே போய்விட்டாள்.

அடுத்து வரவேண்டிய ஞாயிற்றுக்கு, வேலை இருக்கிறது என்று குறுஞ்செய்தி வந்தது. அதற்கு அடுத்ததற்குத் தடிமனும் இருமலுமாம். என் வீட்டுக்காரர் மேசையில் மூன்றாவது கதிரையைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், சோற்றைப் பிசைவார். அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். என் பிள்ளை என் வீட்டுக்கு விருந்தாளி ஆகிறாள் என்று பயந்துதான் நான் கத்தினேன். கத்தினதால் இப்போது விருந்தாளியாகக்கூட வருகிறாள் இல்லை.

3

சலவை அறையில் கோபத்தோடு இருந்தாலும் காது சும்மா இருக்குமா? அந்தக் கிழமைகளில்தான் அவர்களுடைய நாடுகளைப் பற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுக்கிக்கொண்டேன். எங்களுக்குள் பொதுமொழி டொச். நாலு பேருடைய டொச்சும் நாலு விதமாக நொண்டும், ஆனால் ஊர் போய்ச் சேரும்.

மனுவேலுக்கு ஒரு பழக்கம் உண்டு. துவாய்களை இறுக்கிச் சுருட்டி மடிக்குள் வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் தாளம் போடுவார். தவில் கேட்டு வளர்ந்த எனக்கே கால் ஆடும். ஒருநாள் ஏன் மேசையில் தட்டாமல் துணியில் தட்டுகிறீர் என்று கேட்டேன். அவருடைய தீவுகளில் முதலில் மனிதர்களே இல்லையாம். போர்த்துக்கீசர் போய் இறங்கி, ஆப்பிரிக்காவில் இருந்து அடிமைகளைக் கொண்டுவந்து குடியேற்றினார்களாம். அந்தச் சனத்தின் ஆட்டமும் பாட்டும் ஆட்சிக்கும் கிறிஸ்தவக் கோயிலுக்கும் பிடிக்கவில்லை, தடை போட்டார்கள். பெண்கள் உடுதுணியைச் சுருட்டித் தொடைக்கு நடுவில் வைத்துத் தட்டினார்கள். துணியை யார் பறிக்க முடியும்? இன்றைக்கு அதே தாளம் அவர்கள் நாட்டின் பெருமை, பெரிய மேடையெல்லாம் ஏறுகிறது. "என்ர அம்மா தட்டினால் பக்கத்து மலையிலை இருக்கிறவையும் எழும்பி வருவினம்" என்றார் மனுவேல்.

லூர்தஸுக்கு அவர் வீட்டில் கதைக்கும் கிரியோல் மொழி என்றால் இளக்காரம். "அது உடைஞ்ச போர்த்துக்கீஸ்" என்பாள்.

மனுவேல் கோபிக்கமாட்டார். "உடைஞ்சதுதான். உடைச்சதே நாங்கள்தான். முழுசாய் இருந்தால் அது உங்கட, உடைச்சபடியால் எங்கட" என்பார்.

லூர்தஸ் கெட்டவள் இல்லை. எனக்கு இடுப்புப் பிடித்தால் தன் களிம்பைத் தந்து தானே தடவியும் விடுவாள். ஆனால் உலகத்துக்கு எல்லாம் கொடுத்தது தன் நாடு என்று ஒரு எண்ணம். கதிரை, மேசை, அலுமாரி, சாவி எல்லாம் எங்கள் ஊரை அவர்கள் ஆண்டபோது நாங்கள் வாங்கிய சொற்கள் என்று தெரிந்த நாளில் அவளைப் பிடிக்க முடியவில்லை. "பார், பரா, உங்களுக்கு நாங்கள் கதிரை தந்திருக்கிறம்" என்றாள். பரமேஸ்வரி என்ற என் பெயர் இங்கே பராவாகச் சுருங்கிப் பல காலம்.

"தந்தனீங்கள்தான். இருக்க விட்டனீங்களோ?" என்றேன். அவளே விழுந்து விழுந்து சிரித்தாள்.

ரமோனா ஒரு கடுதாசியோடு வந்தது இன்னொரு நாள். ஏதோ ஒரு அலுவலகத்தில் விபரம் பதியப் போயிருக்கிறாள். தாய்மொழி என்ற கட்டத்துக்குக் குவரானி என்று சொல்லியிருக்கிறாள். அதிகாரி கணினியில் தேடிப் பார்த்துவிட்டு, அப்படியொன்று பட்டியலில் இல்லை, ஸ்பானிஷ் என்று போடட்டுமா என்று கேட்டாராம். என்னைப்போல இன்னொருத்தி என்று எனக்கு ஒரே சந்தோசம். "நீ இதுக்கே கவலைப்படுறாய். எங்களுக்கு ஆரம்பத்திலை ஒரு அலுவலகத்திலை சிங்கள மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டு வச்சினம். அவரும் நானும் இங்கிலீசிலை சுகம் விசாரிச்சுப்போட்டு வந்தனாங்கள்" என்றேன். ரமோனா சிரித்துக்கொண்டே கடுதாசியில் ஸ்பானிஷை வெட்டி, பேனையால் குவரானி என்று பெரிதாக எழுதினாள்.

இவ்வளவு கதைத்தும், ஒன்பது மணிக்கு எனக்கு ஒரே ஒரு கோப்பைதான். நானும் விடாமல் ஒவ்வொரு நாளும் முகத்தை நேராக வைத்து மெர்சி சொன்னேன். அவர்கள் மரியாதை கெட்டவர்களாக இருக்கலாம், நான் அப்படி இருக்கக் கூடாது அல்லவா?

4

மே மாத நடுவில் ரமோனாவின் நாட்டுச் சுதந்திர தினம் வந்தது. அன்று அவள் சீப்பா என்று ஒரு வளையப் பாண், அதாவது ரொட்டி, சுட்டுக்கொண்டு வந்தாள். ஒரு கடி கடித்ததும் எனக்கு விளங்கிவிட்டது. மரவள்ளி மா, அதோடு சீஸ். மரவள்ளி எங்கள் கிழங்கு என்று நான் சொல்ல, அது எங்கள் கிழங்கு, உங்களுக்குக் கப்பலில் வந்தது என்று அவள் சொல்ல, கப்பல் எங்களுடையது என்று லூர்தஸ் சொல்ல, அறை கலகலத்தது. பிறகு கொம்புக் கோப்பை வெளியே வந்தது. அன்றைக்கு விசேடம் என்றபடியால் சுற்று நீண்டது. நான் எண்ணினேன். மனுவேலுக்கு ஏழு. எனக்கு ஒன்று.

எட்டாவதும் என் மூக்குக்கு முன்னால் மனுவேலிடம் போனபோது எழும்பிவிட்டேன்.

"என்னிலை என்ன தீட்டே ஒட்டியிருக்கு?" என்றேன். தீட்டை டொச்சில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஊத்தை என்று சொன்னேன். "நீங்கள் மூண்டு பேரும் ஒரு கூட்டம், நான் வேறை. அதை நேரை சொல்லுங்கோ. ஆறு கிழமையாய் ஒரு வாயோடை நிப்பாட்டுறியள். எனக்குச் சூடு சுரணை இல்லையோ?"

மனுவேலின் வாயில் குழல் அப்படியே நின்றது. ரமோனா என்னையே பார்த்தாள். "நீதானே வேண்டாம் எண்டனீ" என்றாள்.

"எப்ப சொன்னனான்?"

"ஒவ்வொரு நாளும். முதல் கோப்பையைத் திருப்பித் தரேக்குள்ளேயே மெர்சி சொல்லுறாய். எங்கட வழக்கத்திலை நன்றி எண்டு சொன்னால் எனக்குப் போதும், இனி வார்க்காதை எண்டு அர்த்தம். குடிச்சு முடிஞ்சு, இனிமேல் ஏலாது எண்டு வாற நேரந்தான் அதைச் சொல்லுவம். உனக்குக் கசக்குது, மனம் நோகக் கூடாது எண்டு ஒண்டை மட்டும் குடிக்கிறாய் எண்டு நினைச்சன். பரா எவ்வளவு நாகரிகமான மனிசி எண்டு என்ர மனிசனுக்கும் சொன்னனான்."

லூர்தஸ் விரிப்பால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். தனக்கும் மனுவேலுக்கும் முதல் நாளே ரமோனா சொல்லிவிட்டாளாம். அப்போது நான் வயிற்றுப் புண்ணோடு மூலையில் இருந்தேன்.

எனக்கு வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அதற்கும் மேலே வேறொன்று வந்தது. நன்றி சொன்னால் முடிந்துவிட்டது என்று அர்த்தம். அட, இது எங்கள் சட்டம்தானே? நன்றியுரை கேட்டதும் செருப்புத் தேடுகிற சனம் அல்லவா நாங்கள்? உலகத்தின் மறு மூலையில் இருக்கிற இந்த மனிசிக்கு அது எப்படித் தெரிந்தது?

அன்று அவளைத் துருவித் துருவிக் கேட்டேன். விரிப்புகளை ஊட்டிக்கொண்டே சொன்னாள். வெள்ளி தேடி ஆறு வழியாக ஏறி வந்த ஸ்பானியர்களுக்கு அவள் ஊரில் ஒரு மண்ணும் கிடைக்கவில்லை. திரும்பிப் போகவும் வழியில்லாமல் அங்கேயே இருந்துவிட்டார்கள். அந்த மண்ணின் குவரானிப் பெண்களோடு குடும்பம் நடத்தினார்கள். "விரும்பிக் கட்டினவையோ, பிடிச்சுக்கொண்டு போனவையோ, அதைப் பள்ளிக்கூடப் புத்தகம் இனிப்பாய்த்தான் சொல்லும். என்ர அம்மா அப்பிடிச் சொல்லமாட்டா" என்றாள். தகப்பன்மார் சட்டமும் கடுதாசியும் ஸ்பானிஷில் எழுதினார்கள். பிள்ளைகள் அடுப்படியில் தாயிடம் கேட்டது குவரானி. அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள்தான் பிறகு நாட்டை ஸ்பெயினிடம் இருந்து எடுத்துக்கொண்டார்கள். ஆட்சி செய்தவர்களின் மொழி அரசாங்கக் கந்தோரில் இருந்தது, தாயின் மொழி சந்தையிலும் பந்தடியிலும் காதலிலும் பகிடியிலும் இருந்தது. ஒரு யுத்தத்தில் எதிரிக்கு விளங்கக் கூடாது என்று தந்தியெல்லாம் அந்த மொழியில்தான் அடித்தார்களாம்.

"அப்ப பள்ளிக்கூடத்திலையும் குவரானியோ?" என்று கேட்டேன்.

"என்ர அம்மா வகுப்பிலை அதைக் கதைச்சதுக்குச் சோளத்துக்கு மேலை முழங்காலிலை நிண்டவ. இப்ப அது அரச மொழி, எங்கட காசுக்கும் அதுதான் பேர். ஆனால் காட்டுக்குள்ளை இருக்கிற அசல் குவரானிச் சனத்தை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கிறேல்லை. மொழியிலை விருப்பம், ஆக்களிலை விருப்பமில்லை. அதுவும் எங்கட நாடுதான்." விரிப்பின் முனையை உதறினாள். "நாங்கள் சுத்தமாயும் கதைக்கிறேல்லை, பரா. அரைவாசி ஸ்பானிஷ் கலந்துதான். அதுக்கும் ஒரு பேர் வச்சிருக்கிறம். கலந்தால் குறைஞ்சுபோச்சு எண்டு நினைச்சிருந்தால் எங்களிட்டை இப்ப ஒண்டும் மிஞ்சியிருக்காது."

வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது அவள் சொன்ன எதுவும் எனக்குப் பராகுவேயைப் பற்றியதாகத் தோன்றவில்லை. ஆறு கிழமை ஒரு மெர்சியை அவர்கள் ஒரு விதமாக எடுத்தார்கள், நான் ஒரு விதமாகச் சொன்னேன். ஒருவரிலும் பிழையில்லை. அப்படியென்றால் நிரூஜாவின் டாங்கே? அவளிடம் ஒருநாளாவது கேட்டேனா? பில் எழுதித் தாறன் என்றல்லவா சொன்னேன்.

5

வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக் கழற்றாமலே தொலைபேசி எடுத்தேன்.

"பிள்ளை, வாற ஞாயிறு வா. உன்னோடை ஒண்டு கதைக்கோணும்."

"என்ன அம்மா, அப்பாவுக்கு ஏதுமோ?"

"அப்பா கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார். நான்தான் பிழை விட்டிட்டன்."

"நீங்களோ?" என்று கேட்டாள். நான்தான் பிழை என்பது இருபத்தாறு வருடத்தில் அவள் கேட்காத சொல். நானும் சொல்லாத சொல்தான்.

ஞாயிறு வந்தாள். ரமோனா தன்னிடம் இருந்த இரண்டாவது கொம்பை எனக்கு இரவல் தந்திருந்தாள். சாப்பாட்டுக்கு முன் பல்கனியில் மூன்று பேரும் இருந்தோம். நான் வார்த்தேன், முதல் தண்ணீர் தோமையாருக்கு.

என் வீட்டுக்காரர் கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "உது மாட்டுக் கொம்பல்லோ?"

"பாலைக் குடிக்கிறியள். கொம்பிலை குடிச்சால் என்ன?"

"குழல் ஒண்டுதானோ இருக்கு?"

"ஒண்டுதான். முப்பது வருசம் ஒரு வீட்டிலை இருந்தாச்சு, இனி என்னத்துக்கு வெட்கம்?" என்றேன். நிரூஜா சிரித்த சிரிப்பில் கீழ் வீட்டுச் சுவிஸ் மனிசி எட்டிப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடக் கூடாது என்பது இந்த நாட்டுத் தேவாரம். நாங்கள் கையசைத்தோம், அவளும் கையசைத்தாள்.

மெர்சிக் கதையை முழுதும் சொன்னேன், நான் எழும்பி நின்று கத்தினதையும் மறைக்கவில்லை. நிரூஜா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். பிறகு கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். அவள் தமிழில் நடுவில் டொச் வரும், ஒருமை பன்மை எல்லாம் இடம் மாறும். நான் அவள் சொன்னபடி எழுதாமல் பொருளை மட்டும் தருகிறேன். சின்ன வயதில் பாலர் பள்ளியில் அப்பிளைக் கையில் தருவதற்கு முன் ஆசிரியை டாங்கே என்ற ஒரு சொல்லுக்காகக் காத்திருப்பாவாம். அதைச் சொன்னால்தான் அப்பிள். நல்ல பிள்ளையின் முதல் அடையாளம் அது. "நீங்கள் விடிய அஞ்சு மணிக்கு வேலைக்குப் போறது எனக்குத் தெரியும். ஞாயிறு ஒருநாள்தான் உங்களுக்கு லீவு, அதிலும் சமைக்கிறீங்கள். அது எனக்குத் தெரியும் எண்டு எப்பிடிச் சொல்லுறது? எனக்குத் தெரிஞ்ச வழி அதுதான்" என்றாள்.

இவ்வளவு நாளும் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள், நான் உதறுகிறாள் என்று நினைத்திருக்கிறேன். பொல்லாத மனிசிதான் நான்.

"அப்ப இனிச் சொல்லக் கூடாதோ?" என்று கேட்டாள்.

"சொல்லு. ஆனால் வயிறு நிறைஞ்சாப் பிறகு சொல்லு. அரைவாசியிலை சொன்னால் சட்டி மூடப்படும்."

"ஓகே. இது எங்கட வீட்டுச் சட்டம்" என்றாள் நிரூஜா. "பராகுவே, யாழ்ப்பாணம், பாசல், எல்லாம் மிக்ஸ்."

"அதுக்கு ஒரு பேரும் வையுங்கோவன்" என்றார் என் வீட்டுக்காரர். அவர் அப்போது நாலாவது கோப்பையில் இருந்தார், குழலை விடவே இல்லை.

ஒரு நாட்டுக்கு உரிய பழக்கம் என்பது எங்கேயோ கல்லில் எழுதி இருந்தது என்றுதான் முன்பு நினைத்திருந்தேன். மனுவேலின் தாயும் ரமோனாவின் தாயும் அதைப் பார்த்து எழுதவில்லை. ஒருத்தி கையில் இருந்த துணியைத் தட்டினாள், மற்றவள் வாயில் வந்ததைக் கதைத்தாள். பேரப்பிள்ளைகள் காலத்தில் அதற்குக் கொடியும் பாட்டும் வந்தது. எங்கள் பல்கனிச் சட்டத்துக்குக் கொடி வராது, வரவும் வேண்டாம். மூன்று பேர் ஒப்புக்கொண்டால் எனக்குப் போதும்.

அன்றைக்குச் சோறு, ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு, சொதி. நிரூஜா முதல் கோப்பையை முடித்தாள். நான் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் சொல்லாமல் கோப்பையை நீட்டினாள். போட்டேன். இன்னொரு தரமும் நீட்டினாள். சொதியைக் கையில் ஏந்திக் குடித்தாள். மூன்று தரம் போட்டும் ஒரு சொல் இல்லை, எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. நாலு மணி ரயிலை விட்டுவிட்டு, ஏழு மணி ரயிலுக்குப் போனாள்.

ஏழரைக்குத் தொலைபேசி மணி அடித்து அடங்கியது. குறுஞ்செய்தி. அவளுக்குத் தமிழ் எழுதப் பஞ்சி, ஒரு சோம்பல், என்றாலும் தமிழில் எழுதியிருந்தாள். "அம்மா, இப்பத்தான் வயிறு நிறைஞ்சுது. டாங்கே."

நான் பெற்ற பிள்ளைக்கு ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. இன்றைக்குச் சொன்னால் என்ன என்று நினைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தேடி 'நன்றி' என்று எழுதினேன். அனுப்பப் போன விரல் நின்றுவிட்டது. அந்தச் சொல்லை அழித்தேன். எனக்கு இன்னும் போதவில்லை.

"அடுத்த ஞாயிறும் வா" என்று எழுதி அனுப்பினேன்.